மெசெட்டாவைப் பஸ்ஸில் தாண்டிவிடலாமா?

வேளச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செப்டம்பரில் ஸ்பெயின் போய் காமினோ என்ற யாத்திரைப் பாதையை நடக்கத் திட்டம். ஆபீஸில் 30 நாள் லீவு; போக்குவரத்துக்குப் போக, நடக்க 26 நாள் தேறும். பூர்கோஸ் நகரத்திலிருந்து லெயோன் வரை உள்ள சுமார் 180 கிலோமீட்டருக்கு மெசெட்டா என்று பெயர். வெறும் பொட்டல், பார்க்க ஒன்றுமில்லை, பஸ் ஏறித் தாண்டிவிடு என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்களாம். நடந்தால் ஏமாற்றமாக இருக்குமா என்பது கேள்வி.

பதிலுக்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2014-ல் நானே அந்த பஸ்ஸில் ஏறியவன்தான். ஏசி, இரண்டு மணி நேரத் தூக்கம், முழித்தால் லெயோன். எட்டு நாள் நடையை மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷம். அப்புறம் 2019-ல் அந்த எட்டு நாளை நடப்பதற்காக மட்டுமே மறுபடி விசா எடுத்து, மறுபடி டிக்கெட் போட்டுப் போனேன். விட்ட குறை தொட்ட குறை என்று வீட்டில் சிரித்தார்கள். ஆக, இரண்டு பக்கமும் பார்த்தவன்.

சமவெளி ஏமாற்றாது. ஆனால் அந்த 180 கிலோமீட்டருக்குள் ஒரு 40 கிலோமீட்டர் நிஜமாகவே மோசம். அதற்குச் சமவெளி பொறுப்பில்லை, பக்கத்திலேயே ஓடும் தார் ரோடுதான் பொறுப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் மெசெட்டாவே போர் அடிக்கும் என்ற பேச்சு பரவியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். காமினோ என்றால் ஸ்பானிஷில் வழி. பிரான்ஸ் எல்லையோர ஊரான சான் ஜானிலிருந்து பிரெனே மலையைத் தாண்டி, வடக்கு ஸ்பெயினைக் குறுக்கே கடந்து, சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா வரை சுமார் 780 கிலோமீட்டர். இயேசுவின் சீடர் யாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. சாந்தியாகோ நமக்குப் புதுப் பெயர் இல்லை. இங்கே அது சந்தியாகு ஆகி, சந்தியாகப்பர் ஆகி, தங்கச்சிமடத்தில் கோயிலும் கொண்டுவிட்டது. சாந்தோம் பக்கம் படித்தவர்களுக்கு சந்தியாகு என்று ஒரு கிளாஸ்மேட்டாவது இருந்திருப்பான். பக்திக்காக நடப்பவர்களும் உண்டு, சும்மா நடப்பவர்களும் உண்டு. யாரும் யாரையும் கேட்பதில்லை.

முதலில் உங்கள் 26 நாளுக்கு வருவோம். சான் ஜானிலிருந்து முழுவதும் நடக்க ஐந்து வாரம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எல்லோரும் நடுவில் வெட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் தலையில் வெட்டுங்கள். பூர்கோஸிலிருந்தே ஆரம்பித்தால் சாந்தியாகோவுக்கு ஏறக்குறைய 490 கிலோமீட்டர். நாளைக்கு 22 கிலோமீட்டர் என்றால் 22, 23 நாள். லெயோனில் ஒரு நாள் காலை நீட்டிப் படுக்கலாம், ஒன்றிரண்டு நாள் கையிருப்பும் நிற்கும். பிரெனே மலை போய்விடுமே என்றால், போகும்தான். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரும்புச் சிலுவையும், ஓ செப்ரெய்ரோ ஏற்றமும் லெயோனுக்கு அப்புறம்தான் வருகின்றன. மலை ஆசைக்கு அது போதும். நடந்து முடித்ததற்குச் சாந்தியாகோவில் தரும் சான்றிதழ் பற்றிக் கவலை வேண்டாம்: கடைசி 100 கிலோமீட்டரை நடந்து, வழியில் யாத்திரை அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்கியிருந்தால் கொடுத்துவிடுவார்கள். மெசெட்டாவை நடந்தீர்களா என்று அந்த ஆபீஸில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பஸ் ஏறியதில் எனக்கு என்ன நஷ்டம் என்று சொல்கிறேன். காட்சி நஷ்டம் என்று அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. லெயோன் கதீட்ரல் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பேர் போனது, மொத்தம் சுமார் 1,800 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி. அதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு விடுதிக்கு வந்து உட்கார்ந்தால், சுற்றி ஒரு தெரிந்த முகம் இல்லை. பன்னிரண்டு நாளாக முன்னும் பின்னும் நடந்தவர்கள், என் கொப்புளத்துக்கு ஊசி நூல் போட்டுவிட்ட ஐரிஷ் நர்ஸ், ராத்திரி குறட்டையால் விடுதியையே எழுப்பும் கொரியத் தாத்தா, எல்லோரும் எனக்கு எட்டு நாள் பின்னால் இருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் செட் சேர்ந்திருந்தார்கள். பாதி வழியில் ரயில் ஏறியவன் மாதிரி ஓரமாக நடந்தேன். அவர்களில் ஒருவரையும் அப்புறம் நான் பார்க்கவில்லை.

சரி, ஏன் போர் என்கிறார்கள்? சென்னையில் நடப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. சனி ராத்திரி வேன் பிடித்து பர்வதமலை, வெள்ளியங்கிரி என்று போகிறவர்கள் ஒரு ஜாதி. மூச்சு வாங்க ஏறினால் கடைசியில் உச்சி, உச்சியில் காட்சி. கொடுத்ததற்கு வசூல். இன்னொரு ஜாதி ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, ஈசிஆரில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் தட்டை. நான் பெசன்ட் நகரிலிருந்து இரண்டு தடவை போயிருக்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் நிழல் என்றால் நம்முடைய நிழல் மட்டும்தான். வெள்ளை வெளேரென்று கண் கூசும், உப்புக் குவியல் ஒன்று போனால் அடுத்தது. அங்கே நான் போனை எடுத்து நின்றபோது காசிமேட்டு அக்கா ஒருவர், “வேடிக்கை பாக்கவா வந்தோம் தம்பி, தேரைத் தள்ளு” என்றார். மெசெட்டா அந்த ரகம். பர்வதமலைக் கண்ணோடு போனால் கண் பட்டினி கிடக்கும்.

அதற்காகக் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்றும் அர்த்தமில்லை. மெசெட்டா என்ற சொல்லிலேயே மேசை இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 800, 900 மீட்டர் உயரத்தில் போட்ட மேசை. அதனால் சென்னை மாதிரி ராத்திரியும் புழுங்காது. செப்டம்பர் காலையில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊரில் ஒரு சொலவடை. குளிர்காலம், நரகம் இரண்டுக்கும் அவர்கள் மொழியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மேசையும் முழுத் தட்டை இல்லை. ஓடைகள் அறுத்த பள்ளங்கள் உண்டு, தண்ணீரும் காற்று மறைப்பும் அங்கே கிடைப்பதால் ஊர்கள் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். ஓந்தானாஸ் என்ற ஊரைத் தேடிக்கொண்டு அறுத்த தாளடிக்கு நடுவில் பத்து கிலோமீட்டர் நடந்தேன். ஊரையே காணோம். தப்பான வழியோ என்று போனை எடுக்கிற நேரத்தில் தரையிலிருந்து ஒரு சிலுவை முளைத்தது. நாலடி வைத்தால் சிலுவைக்குக் கீழே மணிக்கூண்டு, இன்னும் நாலடியில் அதன் மேல் நாரைக் கூடு, அப்புறம் ஓட்டுக் கூரைகள். ஊர் முழுக்க என் கால்மட்டத்துக்குக் கீழே இருந்தது. கூடு காலி. செங்கால் நாரைகள் அதற்குள் தெற்கே கிளம்பிவிட்டிருந்தன.

ஓந்தானாஸிலிருந்து காலையில் கிளம்பி ஒன்றரை மணி நேரம் போனால் சான் அந்தோன் மடத்தின் இடிபாடு. ரோடே மடத்தின் வளைவுக்கு அடியில் நுழைந்து போகிறது. அந்தோனியார் நெருப்பு என்று ஒரு நோய், கை கால் எரிந்து கறுத்து விழும். அதற்கு வைத்தியம் பார்த்த மடம் இது. ரை என்ற தானியத்தில் வரும் பூஞ்சைதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. நம் ஊரில் கம்புக் கதிரைப் பிடிக்கும் தேனொழுகல் நோய்ப் பூஞ்சையின் பங்காளி. வடக்கே ரை ரொட்டி தின்றவர்கள் இங்கே நடந்து வந்து, மடத்தில் நல்ல கோதுமை ரொட்டி தின்று தேறினார்கள். அற்புதம் பாதி, சாப்பாட்டு மாற்றம் பாதி. வளைவுக்குள் சுவரில் இரண்டு மாடங்கள் இருக்கின்றன. கதவடைத்த பிறகு வருகிறவர்களுக்கு அந்த மாடத்தில் ரொட்டி வைப்பார்களாம். நான் போனபோது அதில் வழிப்போக்கர்கள் எழுதிவைத்த துண்டுச் சீட்டுகள், மேலே கல்லை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

அடுத்து காஸ்த்ரோஹெரிஸ், அதைத் தாண்டியதும் மோஸ்தெலாரெஸ் மேடு. பொட்டல் என்று சொன்னவர்களுக்கு இந்த மேடு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. உயரம் அதிகமில்லை, ஒரு பரங்கிமலை ஏறுகிற மாதிரிதான், ஆனால் செங்குத்து. மேலே நின்றால் போக வேண்டிய வழி மொத்தமும் வெள்ளைக் கோடாகக் கீழே கிடக்கும். இரண்டு மணி நேரம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்பதை இப்போதே பார்ப்பது கொஞ்சம் விசித்திரமான அனுபவம். கோட்டின் முனையில் பிசுவேர்கா ஆறு, பதினோரு வளைவுப் பாலம். பாலத்துக்கு முன்னால் சான் நிக்கோலாஸ் என்ற பழைய சத்திரம். இத்தாலியத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். சாயங்காலம் வந்தவர்களை வட்டமாக உட்காரவைத்துக் காலைக் கழுவிவிடுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சம், ஒரு செப்புக் குடுவைத் தண்ணீர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மைவிடப் பெரியவர் நம் காலைத் தொடுவதா என்று காலை இழுத்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் விடவில்லை. ஈசிஆரில் யாரோ முகம் தெரியாதவர்கள் பந்தல் போட்டு மோரும் சுக்குக் காபியும் கொடுத்தபோது கூசாதது இங்கே ஏன் கூசியது என்று படுக்கையில் யோசித்தேன்.

அதற்கடுத்த நாள் பொவாதியா ஊருக்கு அப்புறம் கால்வாய்க் கரை. காஸ்தியா கால்வாய், 1753-ல் தோண்டத் தொடங்கி 1849-ல் நிறுத்தினார்கள், 207 கிலோமீட்டர். உள்நாட்டுக் கோதுமையைப் படகில் ஏற்றிக் கடல்பக்கம் அனுப்பக் கனவு. கடலைத் தொடவே இல்லை, அதற்குள் ரயில் வந்துவிட்டது. நம் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இதே ஜாதகம்தான்: தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்குத் தோண்டி நீட்டியது, உப்பும் விறகும் நெல்லும் வந்த வழி. இப்போது அதில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஸ்பெயின்காரர்கள் தங்களுடையதைப் பாசனத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். கரையில் நாணல், தவளைச் சத்தம், தெளிந்த தண்ணீர். மயிலாப்பூர் கல்யாணி ஆஸ்பத்திரிப் பக்கம் கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தி வளர்ந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் பொறாமையாகவே இருந்தது.

கால்வாய்க் கரை நடை முடிகிற இடம் ஃப்ரோமிஸ்தா. அங்கே சான் மார்த்தீன் கோயிலைச் சுற்றி ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்தபடி வாருங்கள். 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கூரை விளிம்புக்கு அடியில் முந்நூறுக்கும் மேல் சின்னச் சின்னக் கல் முகங்கள்: மிருகம், குரங்கு, வாத்தியக்காரன், நாக்கை நீட்டுகிறவன். நம் கோயில் தேர்ச் சட்டத்தில் தச்சர் செய்யும் குறும்பு மாதிரியே.

இங்கிருந்து காரியோன் வரைக்கும் சுமார் 19 கிலோமீட்டர்தான் நான் சொன்ன மோசமான பகுதியில் பாதி. ரோட்டை ஒட்டிச் சரளைப் பாதை, காமினோவின் சிப்பிச் சின்னம் போட்ட சிமெண்ட் கட்டைகள், லாரிக் காற்று. ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டில் நடக்க ஸ்பெயின் வரை போக வேண்டுமா? ஆனால் பொப்லாசியோன் என்ற ஊரில் வலது பக்கம் ஒரு கிளை பிரிகிறது. உசியேசா ஆற்றங்கரையில் மரநிழலிலேயே போய் வியால்காசாரில் சேர்ந்துவிடலாம். கொஞ்சம் சுற்று, பரவாயில்லை. அவசரக்காரர்கள் இதைக் கவனிக்காமல் ரோட்டிலேயே போய்விட்டு மெசெட்டாவைத் திட்டுகிறார்கள்.

காரியோனில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். மறுநாள் கால்சாதியா வரை 17 கிலோமீட்டருக்கு ஓர் ஊர் கிடையாது, குழாய் கிடையாது. பழைய ரோமானிய ரோட்டின் மேல் போகும் வழி. அந்த மண்ணில் கல்லே கிடையாது என்பதால் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிப் போட்டது. பலரும் பஸ் ஏறுவதே இந்த ஒரு நாளுக்குப் பயந்துதான். நான் ஆறரைக்குக் கிளம்பினேன். செப்டம்பரில் அங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய எட்டு மணி ஆகிறது, ஆகவே முதலில் கொஞ்ச நேரம் கும்மிருட்டு. தலைக்கு மேலே மங்கலாகப் பால்வீதி. அதற்கும் அந்த ஊர் ஜனங்கள் சாந்தியாகோ வழி என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஐம்பது வருஷத்தில் நான் பார்க்காதது. அப்புறம் முதுகில் வெயில் பட்டது, முன்னால் என் நிழல் பனைமர உயரத்துக்கு விழுந்தது. மேற்கே நடக்கிற வழி, ஆகவே காலை முழுக்க நிழலைத்தான் துரத்த வேண்டும். ஒன்பதரைக்கு நிழல் சுருங்கி மூன்று, நாலு ஆள் நீளத்துக்கு வந்தபோது எனக்கு நிஜமாகவே அலுத்தது. பொய் சொல்ல மாட்டேன். பாட்டு கேட்டேன், நிறுத்தினேன், கரண்டு பில் கணக்குப் போட்டேன், என்றைக்கோ ஒரு சித்தப்பாவிடம் பேசிய பேச்சை மறுபடி பேசிப் பார்த்தேன். அதற்கப்புறம் பேச்சும் தீர்ந்துபோய், ஷூவுக்கடியில் கல் நறநறக்கும் சத்தம் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனேன் என்று தெரியவில்லை. பள்ளத்தில் கால்சாதியாவின் கூரைகள் திடீரென்று தெரிந்தபோது, இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாமே என்று இருந்தது. முதல் மூன்றில் ஒன்று உடம்புக்கு, இரண்டாவது மனசுக்கு, மூன்றாவது ஆத்மாவுக்கு என்று காமினோவைப் பற்றி எல்லோரும் ஒரு வசனம் ஒப்பிப்பார்கள். என் அனுபவத்தில் மெசெட்டாவில் அதிகம் அடிபட்டது உடம்புதான்.

ஏனென்றால் மேட்டிலும் பள்ளத்திலும் கால் தசைகள் மாறிமாறி வேலை செய்யும். தட்டையில் ஒரே தசை ஒரே அசைவில் நாளைக்குப் பதினைந்தாயிரம் தடவை. எனக்குக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பை ஒட்டி வீங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் பார்த்ததுமே காமினோ என்று சிரித்தார். ஷூ நாடாவின் மேல் இரண்டு கண்ணைத் தளர்த்தி, அடியைக் குறுக்கி நடந்ததில் சரியாயிற்று. பயிற்சிக்கு வார இறுதியில் மலை ஏறுவது மட்டும் போதாது. முதுகில் ஏழு கிலோ போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன் திருவான்மியூரில் கிளம்பி முட்டுக்காடு வரை போய்வாருங்கள். இன்னொன்று, அந்த ஊர் வெயில் காய்ந்த வெயில். வேர்வை வந்த சுவடே தெரியாது, உலர்ந்துவிடும். நமக்கு நசநசத்தால்தான் தண்ணீர் ஞாபகம் வரும், அதனால் ஏமாந்துவிடுவோம். ஓஆர்எஸ் பாக்கெட் இங்கிருந்தே பத்து எடுத்துப் போங்கள். சன்ஸ்க்ரீனை இடது பக்கம் இரண்டு மடங்கு பூசுங்கள். சூரியன் தெற்கே, நீங்கள் போவது மேற்கே. திரும்பி வந்தபோது என் இடது கெண்டைக்கால் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கால்சாதியாவுக்கு அப்புறம் ஊர்கள் சீக்கிரம் சீக்கிரம் வரும். கல் இல்லாத சீமை என்பதால் வீடெல்லாம் வைக்கோல் கலந்த மண்சுவர், வட்டமான மண் புறாக் கூண்டுகள், மொராத்தினோஸில் மேட்டைக் குடைந்து கதவு வைத்த ஒயின் நிலவறைகள். சாஹகூனில் சான் தீர்சோ கோயிலைப் பாருங்கள்: கீழே கொஞ்ச தூரம் கல், அதற்கு மேலே செங்கல். கல்லில் ஆரம்பித்துச் செங்கல்லில் முடித்திருக்கிறார்கள், அந்தக் கோடு இன்றைக்கும் சுவரில் தெரிகிறது. செப்டம்பரில் சூரியகாந்தி வயல்கள் கறுத்துத் தலைகுனிந்து நிற்கும். போகிறவர்கள் விதையைப் பிடுங்கி அதில் கண், மூக்கு, சிரிக்கும் வாய் என்று முகம் செய்துவைத்திருப்பார்கள். ஒரு வயலில் ஒன்றுக்கு மீசை இருந்தது. எல் பூர்கோ ரனேரோ பக்கம் பாதையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் மரம் நட்டிருக்கிறார்கள். நிழல் பாதையில் விழாமல் ரோட்டில் விழுகிறது என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள், காலையில் அப்படித்தான் விழுந்தது.

கடைசியாக மான்சியா. இங்கிருந்து லெயோன் 18 கிலோமீட்டர், மோசமான பகுதியின் மறு பாதி. நெடுஞ்சாலை, கார் ஷோரூம், குடோன், மேம்பாலம். ஒரு கிளை வழியும் கிடையாது. பஸ்தான் ஏற வேண்டும் என்றால் இங்கே ஏறுங்கள், கூட வந்தவர்களும் பாதிப்பேர் ஏறுவார்கள், சாயங்காலம் லெயோனில் எல்லோரும் ஒன்றாகவே இருப்பீர்கள். விட்டதை நடந்து முடிக்கவென்றே இரண்டாவது தடவை போன நானும், மான்சியா ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றதும், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த 18 கிலோமீட்டருக்காக மூன்றாவது தடவை போகும் உத்தேசம் இல்லை.